சவரத் தூரிகையும் கண்டிக் கைவினையும்

கண்டி நகரிலும் அதைச் சூழ்ந்த மலைக்கிராமங்களிலும் முன்பு வசதியோடு வாழ்ந்த குடும்பங்களின் வீடுகள் கைமாற நேரும்போது, நிலைக்கண்ணாடியும் கருங்காலி நாற்காலியும் பித்தளை விளக்கும் உடனுக்குடன் விலைபேசப்பட்டுப் போய்விட, எவரும் கேளாமல் கடைசிவரை மிஞ்சிக் கிடக்கும் சில்லறைச் சாமான்களில் ஒன்று, அந்த வீட்டுப் பெரியவர் அனுதினமும் உபயோகித்த சவரத் தூரிகை. மயிர் உதிர்ந்து, கழுத்தில் சோப்பு இறுகிப் படிந்து, கைப்பிடியின் மெருகு மங்கிப் போன அவ்வஸ்துவைக் குப்பையில் எறிவதற்குமுன் கையிலெடுத்து ஒருமுறை உருட்டிப் பார்க்கும் பொறுமை உள்ளவர்கள், அதன் இடை ஒடுங்கியிருப்பது ஈரக்கையிலிருந்து நழுவாமைக்கென்றும், அடி அகன்றிருப்பது நிமிர்ந்து நின்று காய்வதற்கென்றும், அவ்விரண்டுக்கும் இடையே ஓடும் வளைவு கடைசல் தெரிந்த ஒருவனுடைய கைநிதானத்தால் மட்டுமே வாய்ப்பதென்றும் எளிதில் கண்டுகொள்வார்கள். இத்தகைய தூரிகைகளைப் பழுதுபார்த்து மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவரும் தொழில்முறையைப் பற்றியதே இக்கட்டுரை.

1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானபின், முதலில் காப்பியும், பின்னர் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தொடங்கிவைத்த தேயிலையும் மலைநாட்டின் தோற்றத்தையே மாற்றிவிட்ட காலத்தில், தோட்டங்களை நிர்வகிக்க வந்த துரைமார்களின் பெட்டிகளில் சவரக் கத்தியோடும் சோப்புக் கிண்ணத்தோடும் இந்தத் தூரிகையும் கப்பலேறி வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் 1777 முதல் தூரிகை செய்துவரும் கென்ட் நிறுவனத்தாரும், 1919இல் லண்டனில் தொழில் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனத்தாரும், மயிரை ரப்பரில் பதித்து அது உதிரவே உதிராதென்று விளம்பரம் செய்த அமெரிக்காவின் ரப்பர்செட் நிறுவனத்தாரும் இத்துறையில் பெயர் பெற்றவர்கள். துரையின் பங்களாவிலிருந்து தோட்டத்துக் கிளாக்கர் ஐயாவின் வீட்டுக்கும், பெரிய கங்காணியின் வீட்டுக்கும், நகரத்துப் பள்ளி ஆசிரியரின் வீட்டுக்கும், சலூன்களின் கண்ணாடி மேடைக்கும் அது படிப்படியாக இறங்கி வந்து, ஒரு தலைமுறைக்குள் அந்நிய வஸ்து என்ற நினைவே அற்றுப் போகுமளவுக்கு வீட்டுப் பொருளாயிற்று. பிறகு அதன் மதிப்பு குன்றிய கதை சுருக்கமானது. தூரிகையின்றி விரலால் பூசும் பார்பசால் என்ற களிம்பு 1919இலேயே அமெரிக்காவில் புறப்பட்டுவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் குப்பியை அமுக்கினால் நுரை பொங்கும் வித்தையும் வந்துசேர, தூரிகை பழையவர்களின் வழக்கமென்று ஒதுக்கப்பட்டது.

ஆனால் விரலால் பூசுவது தூரிகையின் வேலையைச் செய்துவிடாது. தூரிகை நீரைத் தன்னுள் வாங்கி வைத்திருந்து சிறிது சிறிதாகச் சோப்புக்குக் கொடுக்கிறது. தாடி மயிரை நிமிர்த்தி ஈரமூட்டுகிறது. கத்தி சருமத்தைச் சுரண்டாமல் வழுக்கிச் செல்லும்படி அடர்ந்த நுரையை உண்டாக்குகிறது. இதற்கு மிகவும் உகந்ததென்று மேல்நாட்டார் கருதுவது, வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற பிராணியின் மயிர். இடையில் தடித்து நுனியில் கூர்ந்து மெலிவதால் அது நீரைப் பிடித்துவைப்பதிலும் முகத்தில் மென்மையாகப் படுவதிலும் சிறந்தது. பன்றிமயிர் விலை குறைந்தது, முரடானது. ஆயினும் உபயோகிக்க உபயோகிக்க அதன் நுனிகள் பிளந்து இளகும் குணம் உடையது. குதிரைமயிர் இவ்விரண்டுக்கும் நடுத்தரமானது. எந்த மயிரானாலும் நுனி இயற்கையாக முடிந்ததாக இருக்கவேண்டுமேயன்றிக் கத்தரியால் வெட்டப்பட்டதாக இருத்தலாகாது. பழைய தூரிகை கலைந்து தெரிகிறதென்று நுனியைச் சமப்படுத்த முயல்பவர்கள், அதன் மென்மை முழுவதையும் ஒரே வெட்டில் போக்கிவிடுகிறார்கள்.

ஒரு தூரிகையில் மயிருக்கு ஆயுள் உண்டு. கைப்பிடிக்கு, கவனித்து வைத்தால், ஏறக்குறைய முடிவே இல்லை. நாள்தோறும் நனைந்தும் காய்ந்தும் பத்து இருபது ஆண்டு உழைத்த மயிர் நொறுங்கி ஒடிவது இயற்கை, அதற்காக வருந்தவேண்டியதில்லை. மாற்றவேண்டியதை மாற்றி, மாற்றக்கூடாததை அப்படியே விட்டுவைப்பதுதான் பழுதுபார்த்தலின் முழு சாமர்த்தியமும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த விவேகத்தைக் கண்டி நாட்டுக்கு எடுத்துச் சொன்னவர் நம்மவரான ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் சர் முத்து குமாரசுவாமிக்குப் புதல்வராகப் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராக வந்த அவர், கற்களைத் தேடி மலைநாடெங்கும் அலைந்த காலத்தில் அழிந்துகொண்டிருந்த கைவினைகளைக் கண்டு மனம் பதைத்து, 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பழைய விகாரைகளும் தேவாலயங்களும் கவனிப்பின்மையால் கெடுவதைக் காட்டிலும், விவேகமற்ற புதுப்பித்தலால் கெடுவதே அவருக்குப் பெருந்துயராக இருந்தது. அவர் பிறந்த அதே 1877ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் நிறுவிய பழங்கட்டிடப் பாதுகாப்புச் சங்கமும் இதே தத்துவத்தைத்தான் போதித்து வந்தது: பழுதைப் பார், பழமையைச் சுரண்டாதே. கோயிலுக்கும் ஓவியத்துக்கும் சொல்லப்பட்ட இந்த நியாயம், ஒரு சாண் உயரமுமில்லாத சவரத் தூரிகைக்கும் சிறிதும் குறையாமல் பொருந்தும்.

ஆகவே முதல் வேலை அரத்தை எடுப்பதன்று; கைப்பிடி எதனால் ஆனதென்று நிச்சயித்துக்கொள்வது. எலும்பாயின் அதன் மேற்பரப்பில் இரத்தக்குழல்கள் ஓடிய இடங்கள் கரும்புள்ளிகளாகவும் நுண்கோடுகளாகவும் தெரியும். தந்தமாயின் அடிப்பக்கத்து வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கிடும் வளைகோடுகள் வலைபோல் தோன்றும். எருமைக்கொம்பு ஒளியில் பிடித்தால் ஓரங்களில் ஊடுருவும் தேன்நிறம் காட்டும். நாள்பட்டதாயின் தாள் தாளாகப் பிரியத் தொடங்கியிருக்கும். எபோனைட் என்ற கடினரப்பரைத் துணியால் அழுந்தத் தேய்த்தால் கந்தக வாடை எழும். கருமையாகப் பிறந்த அது வெயிலாலும் வெந்நீராலும் பச்சையோடிய பழுப்பாக மாறியிருக்கும். செல்லுலாயிட் தேய்த்தால் கற்பூர வாடை தரும். அது எளிதில் தீப்பற்றும் பொருளாதலால் நெருப்பண்டையில் அதற்கு இடமே கிடையாது. 1920களின் இறுதியில் பரவத் தொடங்கிய கேட்டலின் என்ற வார்ப்புப் பிசின், வெண்மையாக வந்தது நெய்நிறமாக முதிர்ந்திருக்கும். அந்த நெய்நிறத்தை மணற்காகிதத்தால் தேய்த்து மீண்டும் வெளுக்கச் செய்யலாமென்பது உண்மையே. ஆனால் அரை நூற்றாண்டுக் காலம் கொடுத்த நிறத்தை ஒரு மாலைப்பொழுதில் அழித்துவிடுவதில் என்ன லாபமென்று எனக்கு விளங்கவில்லை.

தந்தத்தைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். கண்டி அரசர் காலத்துத் தந்தச் சிற்பிகளின் சீப்புகளும் பேழைகளும் உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அந்தத் திறமைக்கு எல்லோரும் தலைவணங்குவோம். ஆனால் ஆசிய யானை 1975 முதல், அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் முதலாவது பட்டியலில் வைத்துக் காக்கப்படுகிறது. 2016ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்தில் கைப்பற்றப்பட்ட 359 தந்தங்களை இலங்கை அரசாங்கம் காலிமுகத்திடலில் பகிரங்கமாக நசுக்கி அழித்தது. எனவே பாட்டனாருடைய தூரிகைக்குத் தந்தக் கைப்பிடி இருந்தால் அதை வீட்டில் ஞாபகமாக வைத்துக்கொள்ளலாமே தவிர, விலைபேசவோ பழுதுக்காகப் புதிய தந்தம் தேடவோ எவரும் முற்படலாகாது.

அடுத்தது மயிர். பழைய குதிரைமயிர்த் தூரிகைகளின் சரித்திரத்தில் ஒரு பயங்கரம் உண்டு. முதல் உலகயுத்தத்தினால் பேட்ஜர் மயிரின் வரவு தடைப்பட்டபோது, அதைப்போல் தோன்றும்படி சாயமேற்றிய மலிவான குதிரைமயிரைச் சரிவரக் கிருமிநீக்கம் செய்யாமல் தூரிகையாக்கி விற்றார்கள். அம்மயிரில் ஒட்டியிருந்த அந்திராக்ஸ் கிருமியின் வித்துகள், சவரத்தில் ஏற்படும் சிறு கீறல்கள் வழியாக உடம்பில் புகுந்தன. போர்வீரர்களும் பொதுமக்களுமாக அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருநூறுக்கும் மேற்பட்டோர் இவ்வாறு நோயுற்றதாக 2017இல் வெளியான மருத்துவ வரலாற்றாய்வு ஒன்று தொகுத்துக் கூறுகிறது. இதன் காரணமாக ஜப்பானியத் தூரிகைகளின் இறக்குமதியையே 1920இல் பிரிட்டன் தடைசெய்தது. இன்றைக்கு அந்த அபாயம் மிகமிகச் சொற்பமானதென்று அதே ஆய்வு தெளிவுபடுத்தியிருப்பினும், அக்காலத்துத் தூரிகை ஒன்று கிடைத்தால் அதன் மயிரைக் காப்பாற்ற எண்ணாமல், நனைத்து, துகள் பறக்காதபடி வெட்டியெடுத்து, கட்டி அப்புறப்படுத்திவிடுவதே என் அபிப்பிராயம். கைப்பிடியைத்தானே நாம் காக்க விரும்புவது!

பிற்காலத்துத் தூரிகையாயின் மயிரைத் தீர்த்துக்கட்டுமுன் அதற்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்கலாம். வெதுவெதுப்பான நீரில், ஒரு பங்கு வினாகிரிக்குப் பத்துப் பங்கு நீர் என்ற அளவில் கலந்து சில நிமிஷம் மயிரை மட்டும் அமிழ்த்தினால், வேரில் இறுகிய சோப்புக் காரை விட்டுவிடும். அதன்பின் சுத்தமான நீரில் அலசிக் காயவைத்து விரலால் மெல்ல இழுத்துப் பார்க்கவேண்டும். ஓரிரு மயிர் வந்தால் குற்றமில்லை. கொத்தாக வந்தாலோ, வளைத்தால் ஒடிந்தாலோ, அதன் காலம் முடிந்துவிட்டது.

இனிமேல்தான் கைத்திறமைக்கு வேலை. மயிரைக் கழுத்தோடு ஒட்ட வெட்டிவிட்டால், கைப்பிடியின் குழிக்குள் கீலோ பிசினோ இறுகிய ஒரு கட்டி தெரியும். உலோகக் கைப்பிடியாயின் கொதிநீராவியில் சற்றே பிடித்தால் அது இளகிக் கழன்றுவிடும். மரம், கொம்பு, தந்தம், எபோனைட், செல்லுலாயிட் ஆகிய எதற்கும் ஆவி ஆகாது. மரம் பருக்கும், கொம்பு பிரியும், எபோனைட் நிறங்கெடும், செல்லுலாயிட் கோணும். அவற்றைத் தோலிலோ தடித்த துணியிலோ சுற்றிப் பட்டறைப் பிடியில் மெதுவாக இறுக்கி, நட்டநடுவில் சிறு துளையிட்டு, பின் அதைவிடப் பெரிய அலகு, அதைவிடப் பெரிய அலகு என்று படிப்படியாக அகலப்படுத்தி, சுவரை நெருங்கியதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கூர்க்கத்தியால் சுரண்டியெடுக்கவேண்டும். அவசரக்காரர்கள் கெடுத்த கைப்பிடிகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசி அரை மில்லிமீற்றரில் கெட்டவை. பல பழைய கைப்பிடிகள் கழுத்தும் அடியுமாக இரண்டு துண்டுகளைத் திருகிச் சேர்த்தவை என்பதையும் மறக்கக்கூடாது; திருகினால் வருவதை உடைத்தெடுப்பது பாவம். நகப்பூச்சு அழிக்கும் திராவகத்தால் அழுக்கெடுக்க முயல்வதும் அத்தகைய பாவமே; அதிலுள்ள அசிற்றோன் செல்லுலாயிட்டைக் கரைத்துவிடும்.

குழி சுத்தமானபின் அதன் விட்டத்தை அளந்து, அதற்கேற்ற புதிய மயிர்க்கொத்தைத் தேடவேண்டும். இப்போது 22 முதல் 24 மில்லிமீற்றர் விட்டமுள்ள கொத்துகள் தாராளமாகக் கிடைக்கின்றன. பழைய கைப்பிடிகளின் குழியோ பெரும்பாலும் அதனினும் சிறியது. சிறிய குழிக்குப் பெரிய கொத்தை வாங்கிவிட்டுக் குழியை அறுத்து அகலப்படுத்துவதைவிட, குழிக்கு அடங்கிய கொத்தை வாங்குவதே மரியாதை. மயிர் கழுத்துக்கு மேலே 45 முதல் 50 மில்லிமீற்றர்வரை எழுந்து நிற்பது அளவு. அதிகம் எழுந்தால் தூரிகை துவளும், குறைந்தால் முகத்தைக் குத்தும். குழி ஆழமாயின் அடியில் ஒரு மரச்சில்லை வைத்து உயர்த்திக்கொள்ளலாம். பன்றிமயிர் தம் சமயத்துக்கு ஆகாதென்போருக்கும், எந்தப் பிராணியையும் வருத்த விரும்பாதோருக்கும் இன்று செயற்கை இழைக்கொத்துகள் இருக்கின்றன. அவை விரைவில் காய்வதால் மழைக்காலம் நீண்ட மலைநாட்டுக்கு மிகவும் ஏற்றவை.

இவ்விடத்தில் ஒரு விசித்திரத்தையும் சொல்லவேண்டும். உலகத்துத் தூரிகைத் தொழிலுக்கு நார் கொடுத்த நாடுகளில் இலங்கை முக்கியமானது. கித்துள் மரத்தின் மட்டையடியில் விளையும் கருநார், யானை கட்டும் கயிறாக உள்ளூரில் உழைத்ததோடு, தூரிகைகளுக்கென்று ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியுமாயிற்று. தென்னந்தும்பின் முரட்டுநாரும் அவ்வாறே போயிற்று. அந்நார்கள் தரையையும் பீப்பாயையும் தேய்க்கத்தக்கவை, கன்னத்துக்கு ஆகாதவை. ஆதலால் தூரிகைக்கு நார் அனுப்பிய தீவு, சவரத் தூரிகைக்கு மட்டும் கடல்கடந்து கைநீட்டி நின்றது.

ஆயினும் கைப்பிடி விஷயத்தில் கண்டி நாடு யாரிடமும் கைநீட்டவேண்டியதில்லை. மாத்தளைப் பக்கத்து ஹபுவிடவிலும் குண்டசாலைப் பக்கத்து ஹுரிகடுவவிலும் பரம்பரையாக அரக்கு வேலை செய்துவரும் குடும்பங்கள் இருக்கின்றன. ஹபுவிடவினர், அனலில் இளக்கிய அரக்கை மெல்லிய இழையாக இழுத்து, மரத்தின்மேல் படியவைத்து, பெருவிரல் நகத்தால் கிள்ளிக் கிள்ளிக் கொடியும் பூவுமாகச் சித்திரிப்பார்கள், கருவி நகமே. கடைசல் வேலையிலோ, சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிக்க, உராய்வின் சூட்டிலேயே அது உருகிப் படர்ந்து, தாளிப்பனை ஓலைத்துண்டால் தேய்க்கப்பட்டுக் கண்ணாடிபோல் மெருகேறும். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு ஆகிய நான்கு நிறங்களில் கைத்தடிக்கும் ஈட்டிக்காம்புக்கும் சுண்ணாம்புச் செப்புக்கும் அழகூட்டிய இவ்வித்தையைக் குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலில் விரிவாக வருணித்திருக்கிறார். மோரிஸின் அச்சியந்திரத்திலேயே கையால் அச்சிடப்பெற்று 425 பிரதிகளே வெளிவந்த நூல் அது. தலதா மாளிகையின் பெரஹரா ஊர்வலத்தில் வீசப்படும் சாமரத்தைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தோன்றும்: கடைந்த காம்பில் மயிரை உறுதியாகப் பொருத்தும் வித்தை இந்நாட்டுக் கம்மாளருக்கு ஆங்கிலேயர் கற்பித்ததன்று.

ஆகையால் மரக்கைப்பிடி வெடித்தோ செல்லரித்தோ மீட்கமுடியாததாகிவிட்டால், ஏரிக்கரையில் 1882 முதல் கண்டிக் கைவினைஞர்களின் படைப்புகளை விற்றுவரும் கண்டியக் கலைச் சங்கத்தின் மூலமாகவோ, நேரே மேற்சொன்ன கிராமங்களுக்குச் சென்றோ, பழையதை மாதிரியாகக் கொடுத்துப் புதியதைக் கடைந்து வாங்குவது சாத்தியம். ஆனால் அரக்கின் சுபாவத்தை அறிந்து வேலை சொல்லவேண்டும். அரக்கு வெந்நீரில் இளகும். சோப்பின் காரத்தில் மெல்லமெல்லக் கரையும். நுரை வழியும் கழுத்துப்பகுதியில் அரக்குப் பூச்சு இடம்பெற்றால் சில மாதங்களுக்குள் அது பூத்து வெளிறிவிடும். ஆதலின் கழுத்தை எண்ணெய் ஊட்டிய வெறும் மரமாகவே விட்டு, விரல் பிடிக்கும் இடைக்குக் கீழே மட்டும் அரக்கு வளையங்களை இடச்சொல்லவேண்டும். பழைய கைப்பிடியைப் புதிய அரக்கால் மூடிப் பளபளப்பாக்குவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். கடைந்தவன் விட்ட உளித்தடமும் பிடித்தவர் விரல்பட்டுத் தேய்ந்த இடமும் அந்தப் பூச்சுக்கடியில் மறைந்துபோகும். தயாரிப்பாளரின் பெயர் பொறித்திருந்தால், எழுத்துப் பள்ளத்தில் அழிந்த வர்ணத்தை மட்டும் ஊசிநுனியால் நிரப்பி, மிகுந்ததைத் துணியால் துடைத்துவிட்டால் போதும்.

கடைசியாக ஒட்டும் பசை. பெரும்பாலோர் அரல்டைட்டைக் குழி நிறைய ஊற்றிக் கொத்தைப் பதித்துவிட்டு, மலையே பெயர்ந்தாலும் இது பெயராதென்று திருப்திப்படுகிறார்கள். அங்குதான் எனக்கு ஆட்சேபம். இன்று வைக்கும் மயிரும் இருபது வருஷத்தில் நிச்சயமாக நொறுங்கும். அப்போது இதைத் திறக்கப்போகிறவர் மறுபடியும் துளைபோட்டுச் சுவரைச் சுரண்டவேண்டியிருக்கும். இரண்டு முறை அவ்வாறு செய்தால் எந்தக் கைப்பிடியும் தாங்காது. நீரில் கரையாததும், வேண்டும்போது கத்தியால் அறுத்தெடுக்கத்தக்கதுமான சிலிக்கோன் பசையைக் கொத்தின் அடியிலும் ஓரத்தைச் சுற்றியும் மெல்லியதாக இட்டு, தண்ணீர் இறங்காதபடி கழுத்தை அடைத்து, ஒரு முழுநாள் அசையாமல் வைத்திருந்தால் அது தாராளமாகப் போதும். குழியின் விட்டம், ஆழம், வைத்த மயிரின் வகை, பசையின் பெயர், வருஷம் ஆகியவற்றைப் பென்சிலால் ஒரு சிறு காகிதத்தில் குறித்து, தூரிகையோடு அதே பெட்டியில் வைத்துவிடவேண்டும். உபயோகித்தபின் நன்றாக உதறிக் காற்றோட்டமான சன்னலோரத்தில் நிறுத்துவதும், ஈரத்தோடு அலமாரியில் பூட்டாமலிருப்பதும், விடாமல் அனுதினமும் உபயோகிப்பதுமே அதன்பின் செய்யவேண்டியவை; அந்துப்பூச்சி நாடுவது ஓய்ந்து கிடக்கும் மயிரைத்தான்.